ஊற்றும் உரிமையும்: கொங்கு நாட்டு நீர் வரலாற்றில் ஒரு பக்கம்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு சங்கத்துப் பெரியோர் பணித்தனர். அரசர்தம் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் எழுத நமக்கு மனம் வரவில்லை. அவற்றை எழுதப் பலர் உளர். நம் வளவுகளின் வரலாறோ குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்து நின்ற வரலாறு. ஆதலின் தண்ணீரைப் பற்றி, அதிலும் மண்ணிலும் பாறை இடுக்கிலும் தானே சுரக்கும் ஊற்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். இன்று அரசினரும் அறிஞர்களும் வறண்ட நிலத்து ஊற்றுகளைக் காத்தல் வேண்டும், மறைந்தவற்றை மீட்டல் வேண்டும் என்று பேசுகின்றனர். நல்ல பேச்சே. மீட்கப்படும் ஊற்று யாருக்கு ஊறும் என்ற வினாவை மட்டும் அப்பேச்சில் நாம் அதிகம் கேட்டதில்லை. அவ்வினாவை வரலாற்றின் வழியே கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில் நிற்கும் நீர்

பொள்ளாச்சிக்கு அருகில் ஊத்துக்குளி என்றோர் ஊர் உண்டு. நல்லூத்துக்குளி என்றும் ஓர் ஊர் உண்டு. வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற மற்றோர் ஊத்துக்குளி திருப்பூர் மாவட்டத்தில் இருக்கின்றது. கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு வரும் வழியில் கிணத்துக்கடவு இருக்கின்றது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி வழுக்குப் பாறை போன்றது. அதில் ஓடுவது தகாது. ஆயினும் ஊற்றையும் கிணற்றையும் பெயரிலேயே சுமந்து நிற்கும் ஊர்கள் இத்தனை இருத்தல், இந்நாட்டு மக்கள் எதைத் தேடி அலைந்தனர் என்பதைக் காட்டப் போதுமானது.

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நாடு. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மலைக்கு அப்புறம் பெய்துவிட்டு வெறுங்காற்றாக இப்புறம் வருகின்றது. பாலக்காட்டுக் கணவாய் என்னும் வாயில் திறந்திருப்பதால் பொள்ளாச்சி வட்டாரம் மட்டும் ஓரளவு சாரலைப் பெறுகின்றது. கிழக்கே பல்லடம், தாராபுரம் நோக்கிச் செல்லச் செல்ல நிலம் வறளும். நம் ஆழியாறும் பாலாறும்கூட நமக்கு முதுகு காட்டி மேற்கே ஓடிப் பாரதப்புழையில் கலந்து அரபிக் கடலை அடைவன. வறண்ட நாட்டின் ஓரத்தில் நனைந்த மலையொன்று நிற்பதே இவ்வட்டாரத்தின் அமைப்பு.

மாணவச் செல்வங்களுக்காக ஊற்றின் இயல்பையும் சிறிது சொல்லுதல் வேண்டும். நம் நிலத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன்மேல் மக்கிச் சிதைந்த பாறையும், அதற்குமேல் மண்ணும் போர்வைபோல் கிடக்கின்றன. மழைநீர் இப்போர்வையில் மெல்ல இறங்கும். உறுதியான பாறையைத் தொட்டவுடன் மேலும் இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் நகரும். பாறையின் வெடிப்புகளில் புகுந்து செல்லும். சரிவு எங்கே அந்நீரின் பாதையை வெட்டுகின்றதோ அங்கே நீர் வெளியே கசியும். அதுவே ஊற்று, பாறைக் குழியில் தேங்கினால் சுனை. ஆகவே ஊற்று என்பது நாம் காணும் அந்தச் சிறு ஈரக்கண் மட்டுமன்று. அதற்கு மேலே நீரை வாங்கிக்கொள்ளும் சரிவு முழுவதும் அவ்வூற்றின் உடலாகும். கண்ணை மட்டும் சிமெண்டால் கட்டி அழகு செய்துவிட்டு மேற்சரிவை மொட்டையடித்தவர்கள் பலர். சில திங்களில் அழகான தொட்டி இருக்கும், நீர் இராது.

ஆனைமலையின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் நீரைப் பிடித்து வைத்து விடும் பஞ்சு போன்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் தொடங்கி, வால்பாறைப் பகுதியில் அச்சோலைகள் பெருமளவில் வெட்டப்பட்டுக் காப்பியும் தேயிலையும் நடப்பட்டன. கங்காணிகள் மலையேற்றிச் சென்ற கூலிகளில் நம்மவர் மிகப் பலர். காட்டை வெட்டிய கையும் நம் கையே என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கூலிக்கு வெட்டினோம், தோட்டம் நமதன்று.

தோண்டியவர், தைத்தவர், இறைத்தவர்

கொங்கரின் நீர் வேட்கைக்குப் பழைய சான்று சங்க நூலாகிய பதிற்றுப்பத்திலேயே உண்டு. பல்யானைச் செல்கெழு குட்டுவனைப் பாலைக் கௌதமனார் பாடிய மூன்றாம் பத்தில், வன்னிலத்தை உடைத்துத் தோண்டிய ஆழமான கிணற்றிலிருந்து நீண்ட கயிற்றால் முகந்த சிறிதளவு நீரை மாடுகள் மொய்க்கும் காட்சி வருகின்றது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னும் நம் நாட்டில் கயிறு நீளம், நீர் குறைவு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானியாற்றின் குறுக்கே அணை கட்டிக் கால்வாய் வெட்டியவர் காலிங்கராயர் என்று போற்றுகின்றோம். போற்றுதற்குரிய செயலே அது. அவர் வழிவந்தோர் நம் ஊத்துக்குளியில் ஜமீன்தார்களாக விளங்கியமையால் பொள்ளாச்சியாருக்கு அதில் தனிப் பெருமையும் உண்டு. கல் சுமந்தவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. கல்வெட்டில் இடம்பெறக் கொடையாளியாக இருத்தல் வேண்டும். கூலியாளுக்குக் கல்வெட்டு ஏது?

1800ஆம் ஆண்டில் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கும்பினியார் ஆணைப்படி மைசூர், கொங்கு, மலையாள நாடுகளைச் சுற்றி வந்து எழுதிய நூலில் பொள்ளாச்சியும் ஆனைமலையும் இடம்பெற்றுள்ளன. இங்கே உரோமப் பேரரசர் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் ஒரு பானை நிறையக் கிடைத்த செய்தியை அவர் குறித்துள்ளமை வரலாற்று மாணவர் அறிந்ததே. கிணற்றுப் பாசனத்தையும் உழைப்பாளிகளின் நிலையையும் அவர் கவனித்தார். பின்னர் 1887இல் நிக்கல்சன் துரை தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு வெளிவந்தது. 1876 முதல் 1878 வரை நாட்டைச் சூறையாடிய பெரும்பஞ்சம், அதாவது நம் பாட்டன்மார் தாது வருடப் பஞ்சம் என்று சொன்ன அப்பஞ்சம், அவர்தம் நினைவில் ஆறாத காலம் அது. ஆற்றுப் பாசனம் அரிதான இம்மாவட்டத்தின் உழவு கிணற்றை நம்பியதே என்பதை அந்நூலைப் புரட்டுவோர் உணர்வர்.

கிணற்றை நம்பிய உழவு யாரை நம்பியது? பாறையைப் பிளந்து கிணறு வெட்டியவர்கள் பெரும்பாலும் போயர் பெருமக்கள். அக்கிணற்றிலிருந்து நீரை மேலேற்றிய கருவி கவலை. பிற மாவட்டத்தார் கமலை என்பர். இரண்டு எருதுகள் சரிவான வாரியில் இறங்கும்போது வடக்கயிறு இழுபட்டு இரும்புச் சால் மேலே வரும். சாலின் அடியில் பொருத்திய தோல் தும்பி வாய்க்காலில் நீரைக் கொட்டும். அத்தும்பியின் தோலைப் பதப்படுத்தித் தைத்துத் தந்தவர்கள் அருந்ததிய மக்கள். கிழிந்தால் ஒட்டுப் போட்டவர்களும், விடியுமுன் எழுந்து எருதோட்டியவர்களும், வாய்க்கால் மடையைத் திருப்பியவர்களும் பண்ணையாட்களாகிய நம்மவர்களே. ஆண்டுக்கு இவ்வளவு கம்பு, இவ்வளவு சோளம் என்று தவசமாகக் கூலி. தமிழகத்தின் வேறு பகுதிகளில் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் ஏரி நீரைப் பங்கிடும் தொழிலாளர் இருந்தனர். அவர்களிலும் நம் மக்கள் பலர்.

இங்கே ஒரு முரண்பாட்டை மாணவர் நோக்குதல் வேண்டும். நம் கை தைத்த தோலின் வழியே ஓடிய நீர் தீட்டாகவில்லை. அதே கை அதே கிணற்றில் ஒரு குடம் முகந்தால் தீட்டு. தோட்டத்துக்கு நூறு சால் இறைத்தவன், குடிக்கும்போது குனிந்து இரு கைகளையும் குவித்து ஏந்த வேண்டும். மேலிருந்து ஒருவர் ஊற்ற வேண்டும். இதற்குச் சாத்திர விளக்கம் தேடி நாம் நேரத்தை வீணாக்கவில்லை. நீரைக் கையில் வைத்திருப்பவன் ஆளைக் கையில் வைத்திருக்கின்றான், விளக்கம் அவ்வளவே.

மலை ஊற்றுகளுக்கும் இதே நிலை. கோவையைச் சூழ்ந்த குன்றுகளில் சுனை இருந்த இடமெல்லாம் கோயில் எழுந்துள்ளது. அல்லது கோயில் எழுந்த இடத்துச் சுனை காக்கப்பட்டுள்ளது. வெள்ளியங்கிரி ஏறுவோர் கைதட்டிச் சுனையிலும் பாம்பாட்டிச் சுனையிலும் களைப்பாறுவர். பெரியதடாகத்தை அடுத்த அனுவாவி மலையில், தாகமுற்ற அனுமனுக்காக முருகன் வேலால் குத்தி வரவழைத்தது எனப்படும் ஊற்று இருக்கின்றது. தெய்வத்தின் பெயரால் ஊற்றுக் கண்களைக் காத்த முன்னோர் அறிவை நாம் குறை கூறோம். தூய்மை கெடாமல் அவை நின்றமைக்கு அதுவும் ஒரு காரணம். எனினும் தீர்த்தம் ஆனவுடன் அந்நீருக்கும் வாயில் ஒன்று வந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் வந்த பிறகே அவ்வாயில் சட்டப்படி நமக்குத் திறந்தது.

ஆணை வந்தது, குடம் நின்றது

பொதுநீரில் நமக்குள்ள உரிமை அண்ணல் அம்பேத்கரின் மகத் போராட்டத்தோடு தொடங்கியதாகவே மாணவர் பலர் எண்ணுகின்றனர். நம் மாகாணத்தில் அதற்கு முன்னரே ஒரு செயல் நடந்தது. 1924 ஆகஸ்டு 22ஆம் நாள் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் பொருள். தீர்மானம் ஏற்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் 2660ஆம் எண் அரசாணையாகவும் வெளிவந்தது. பம்பாய் மாகாணத்திலும் 1923இல் போலே என்பார் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியிருந்தது. அதனைச் செயலில் காட்டவே 1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் ஆயிரக்கணக்கான மக்களுடன் மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். வழக்கு 1937இல்தான் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிந்தது. ஒரு கை நீருக்குப் பத்தாண்டு வழக்கு.

நம் மாகாண அரசு நல்லெண்ணத்தோடு வேறொன்றும் செய்தது. தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றத்திற்கென 1920ஆம் ஆண்டையொட்டி அமைந்த தொழிலாளர் துறை வீட்டுமனை, பள்ளி ஆகியவற்றோடு தனிக்கிணறுகளையும் வளவுகளுக்குத் தந்தது. தாகம் தீர்ந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர்க்கிணற்றில் ஆணையை நிலைநாட்டுவதை விட வளவுக்குத் தனிக்கிணறு வெட்டுவது அரசுக்கு எளிதாக இருந்தது. அன்று பிரிந்த கிணறுகள் விடுதலைக்குப் பின்னும் பிரிந்தே நின்றன. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. நாம் பள்ளிக்குச் சென்ற நாளிலும் ஊருக்கு ஒரு கிணறு, வளவுக்கு ஒரு கிணறுதான். வளவுக் கிணறு புறம்போக்கின் மேட்டில், கிடைத்த தொகைக்கு வெட்டியது. கோடையில் முதலில் வற்றுவது அதுவே.

பள்ளத்து ஊற்று

அது வற்றியபின் நம் பெண்மக்கள் சென்ற இடம் பள்ளம். வெளிமாவட்ட அன்பர்களுக்காகச் சொல்கின்றோம்: கொங்கு நாட்டில் சிற்றோடையைப் பள்ளம் என்போம். ஓடும் நீர் நின்றபின்னும் மணலுக்கடியில் நீர் நகர்ந்துகொண்டிருக்கும். முழங்கை ஆழம் மணலை வாரினால் ஈரம் தெரியும். இன்னும் சிறிது வாரினால் நீர் கண் திறக்கும். மணல் சரியாதிருக்க அடியில்லாத பழைய கூடை ஒன்றைக் குழியில் இறக்குவர். முதலில் ஊறும் கலங்கல் நீரை வீசிவிட்டுப் பொறுமையோடு இருத்தல் வேண்டும். பிறகு தேங்காய்த் தொட்டியால் மொண்டு மொண்டு குடத்தில் வார்ப்பர். ஒரு குடம் நிறைய அரைப்பொழுதும் ஆகும். சித்திரை மாதத்தில் நம் பாட்டியார் கோழி கூவுமுன் செல்வார். சிறுவனாகிய நாமும் உடன் செல்வதுண்டு. அவசரப்பட்டு ஊற்றுக்கண்ணில் விரலை விட்டால், "அதெக் கெளறாதே கண்ணு, அதுவா வரும்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

அப்பள்ளத்திலும் முறை இருந்தது. நீர் வரும் மேற்புறத்தில் ஊராரின் ஊற்று. அதற்குக் கீழே கால்நடை இறங்கும் துறை. அதற்கும் கீழே நம் ஊற்று. இப்போது புவியியல் பாடம் நடத்தும்போது, மேல்நீர் எது, கீழ்நீர் எது என்று கரும்பலகையில் கோடு போடுகையில், அந்த மூன்று குழிகளும் தாமாகவே நம் கண்முன் வந்துவிடுகின்றன.

அந்த ஊற்று இன்று இல்லை. வீடு கட்டும் வேகம் பெருகிய பின் லாரிகள் பள்ளத்தில் இறங்கின. சில ஆண்டுகளில் மணல் தீர்ந்து பாறை தெரிந்தது. நீரைச் சேமித்து வைத்திருந்த பெட்டியே மணல்தான் என்பது மணலை விற்றவர்க்கும் தெரியவில்லை, வாங்கியவர்க்கும் தெரியவில்லை. கூலிக்கு மணல் அள்ளி ஏற்றியவர்களுள் நம் வளவு இளைஞரும் இருந்தனர்.

ஆழத்திற்குச் சென்ற நீர்

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவை வட்டாரத்திற்கு மின்சாரம் வந்தது. நூற்பாலைகளோடு கிணற்று மோட்டார்களும் பெருகின. கவலை ஓய்ந்தது. எருதின் முதுகும் ஏற்றக்காரன் முதுகும் தப்பின. தோல் தைத்தவனின் பிழைப்பும் அதோடு போயிற்று. இதனை இழப்பு என்று அழுவதா, விடுதலை என்று மகிழ்வதா என்று கேட்டால், நாம் விடுதலை என்றே சொல்வோம். மாற்றுத் தொழிலும் நிலமும் கிடைத்திருந்தால் தயக்கமின்றிச் சொல்லியிருப்போம்.

பரம்பிக்குளம் – ஆழியாறுத் திட்டம் இவ்வட்டாரத்தின் முகத்தை மாற்றியது. காமராசர் ஆட்சியில், பொள்ளாச்சி மண்ணின் மைந்தர் சி. சுப்பிரமணியம் அவர்களின் முயற்சியால் உருவாகி, 1961 அக்டோபர் 7ஆம் நாள் நேருவால் தொடங்கி வைக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீரின் ஒரு பகுதி கிழக்கே திரும்பியது. கால்வாய் ஓடிய இடங்களில் கசிவினால் கிணறுகளும் ஊறின. நிலமுள்ளோர் தென்னை வைத்தனர். நிலமற்றோர்க்குத் தென்னந்தோப்பில் வேலை கிடைத்தது. கால்வாய் நீரின் உரிமை ஆயக்கட்டு நிலத்தைச் சார்ந்தது. நிலமில்லாதவனுக்கு அதில் பங்கு என்ற சொல்லே இல்லை.

வளவுகளுக்கு வந்த உண்மையான கொடை அடிகுழாய். இந்தியா மார்க் 2 எனப்படும் அக்குழாய், கொடிய வறட்சிக்குப் பின் 1970களில் உருவாகி, நீர்மட்டம் ஆழத்தில் இருந்த நம் கோவைப் பகுதியில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. எவர் தயவுமின்றி நம் தாய்மார் தாமே அடித்து எடுத்த முதல் நீர் அதுவாக இருந்த வளவுகள் பல. அதன் கைப்பிடி எழுப்பும் ஓசை நம் தலைமுறைக்கு இன்னிசையே.

அதே துளைக்கருவி தோப்புகளிலும் இறங்கியது. 1990இல் உழவர் அனைவர்க்கும் மின்சாரம் இலவசமாயிற்று. ஏழை உழவர்க்கு அது உதவியது உண்மை. ஆழமாகத் துளைக்கப் பணமுள்ளவர்க்கு அதைவிட உதவியது. ஐம்பது அடிக் கிணறு வற்றியது. முந்நூறு அடிக் குழாய் வந்தது. அது வற்ற ஆயிரம் அடி. மக்கிய பாறைப் போர்வையில் இருந்த நீர் கீழே இழுபட்டபின் சரிவில் கசிய என்ன இருக்கும்? சுனைகள் ஓசையின்றி நின்றன. எந்த ஊற்று எந்த ஆண்டில் நின்றது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அணை உடைந்தால் செய்தி. சுனை வற்றினால் செய்தியன்று.

நமக்கு மிக அருகில், எல்லைக்கு அப்பால், சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் நிகழ்ந்ததை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். அங்கே 2000ஆம் ஆண்டில் கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. சில திங்களிலேயே ஆதிவாசி, தலித் குடியிருப்புகளின் கிணற்று நீர் வாயில் வைக்க இயலாததாயிற்று. 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. முன்னின்றவர் இரவாளர் குலத்து மயிலம்மா. பள்ளிப் படிப்பில்லாத அவ்வம்மையார் தம் கிணற்று நீரின் மாற்றத்தைத் தம் அடுப்பங்கரையிலேயே கண்டறிந்தவர். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலரே என்று 2003 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது மாறிற்றெனினும், 2004 மார்ச்சில் நின்ற ஆலை மீண்டும் இயங்கவில்லை.

மீட்டவர் கதைகள்

வற்றிய ஊற்றை மீட்க முடியுமா? முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. சிக்கிம் மாநிலத்தின் தென், மேற்குப் பகுதிகளில் கோடையில் ஊற்றுகள் வற்றின. 2008 முதல் அம்மாநில ஊரக வளர்ச்சித் துறை, ஊற்றின் மேற்சரிவை ஆராய்ந்து, சம உயரத்தில் அகழிகள் வெட்டி, மழைநீரை நிறுத்தி உள்ளே இறக்கியது. பல ஊற்றுகள் மீண்டன. பாறை எப்பக்கம் சாய்ந்துள்ளது என்று அறிந்து வெட்டியதே வெற்றியின் காரணம். கண்ட இடத்தில் குழி வெட்டினால் கண்டவர் ஊற்றுக்கு நீர் போகும். 2018இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை இமயமலை ஊற்றுகள் பலவும் குன்றி வருவதை எடுத்துக்காட்டி இம்முறையை விரிவாக்கச் சொன்னது. நீலகிரியிலும் கோத்தகிரியை மையமாகக் கொண்ட கீஸ்டோன் அறக்கட்டளையினர் ஊற்றுகளைக் கணக்கெடுத்துக் காக்கும் பணியைச் செய்து வருகின்றனர்.

நம் உள்ளத்தைக் கவர்ந்தவை வேறிரண்டு ஊர்கள். அரியானாவின் சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரில் 1970களில் மண்ணரிப்பைத் தடுக்க மலைச்சரிவில் சிற்றணை கட்டினர். ஆடு மாடுகளை மேற்சரிவில் மேய்க்காமல் இருந்தால்தான் அணை தூராது. நிலமில்லாதவன் ஏன் தன் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும்? அக்கேள்விக்கு அவ்வூரார் கண்ட விடை நேர்மையானது: நிலம் இருப்பினும் இல்லாவிடினும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் அணைநீரில் சமபங்கு. நிலமற்றவன் தன் பங்கை நிலமுள்ளவனுக்கு விற்கலாம். மேற்சரிவு பசுமையாயிற்று.

மற்றொன்று மராட்டிய மாநிலம் புனே மாவட்டம் புரந்தர் வட்டத்து நாய்காவ். ஆண்டு மழை மிகக் குறைந்த வட்டம் அது. 1972 வறட்சிக்குப் பின் விலாசராவ் சாளுங்கே என்னும் பொறியாளர் அங்கே குடியேறி நீர்ப் பஞ்சாயத்தை அமைத்தார். நீர் நிலத்தோடு பிணைந்ததன்று. ஆளுக்கு அரை ஏக்கருக்கான நீர், நிலமற்றோர்க்கும் அதில் பங்கு, கரும்பு பயிரிடத் தடை என்பவை அதன் விதிகள். கரும்பு நாட்டில் கரும்பைத் தடுத்த துணிவை என்னென்பது! தென்னை நாட்டில் அத்தகைய விதியைச் சொல்ல நமக்கே நா எழவில்லை.

நம் நாட்டில் சட்டம் வேறு திசையில் நிற்கின்றது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் நிழலில், தன் நிலத்தின் அடியிலுள்ள நீரைத் தோண்டி எடுக்கும் உரிமை நிலவுடையவனுக்கே. 1892இல் நம்மவர்க்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனது. நிலம் போனபோது அதன் அடிநீரும் போயிற்று. தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த நூறு நாள் வேலையில் கரடுகளிலும் ஓடைகளிலும் அகழி வெட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் நம் தாய்மார் மிகப் பலர். அவர்கள் வெட்டிய அகழியில் இறங்கிய மழை, கீழே எவர் குழாய் மிக ஆழமோ அவர் தோப்பில் ஏறியது. பழைய கவலை முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, எருது இல்லை என்பதே. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு – அவினாசித் திட்டம் பவானியின் உபரி நீரால் 1,045 குளம் குட்டைகளை நிரப்ப எழுந்தது. மகிழ்ச்சிக்குரியது. அக்குளங்களைச் சுற்றியுள்ள வளவுகளின் கிணறுகள் ஊறினவா என்பதையும் அளக்க ஓர் ஏடு வேண்டும்.

ஒரு கரட்டுச் சுனை

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 கோடையில் நாம் பணியாற்றிய பள்ளியை ஒட்டிய வளவில் ஆழ்குழாய் நின்றது. தண்ணீர் வண்டி வரும் நாளை எண்ணிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராதிருந்தனர். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் அவர்களில் மிகுதி பெண் குழந்தைகள். அப்போதுதான் முதியவர் ஒருவர், அருகிலுள்ள கரட்டில் முன்பு சுனையொன்று இருந்ததைச் சொன்னார். சென்று பார்த்தோம். சீமைக் கருவேலம் மூடிக் கிடந்தது. பாறையிடுக்கில் ஈரப்பாசி மட்டும் இருந்தது.

அடுத்த ஆண்டு சங்கத்து இளைஞரும் மேல்வகுப்பு மாணவரும் விடுமுறை நாட்களில் கூடி முட்புதரை வேரோடு அகற்றினர். சுனைக்கண்ணை நாம் தொடவில்லை. பாட்டியாரின் கட்டளை அது. மேற்சரிவில் கல்வரப்பும் முழங்கால் ஆழ அகழிகளும் அமைத்தோம். முதல் ஆண்டு ஒன்றும் நிகழவில்லை. கேலி பேசியவர்க்கு நல்ல வாய்ப்பு. இரண்டு மழைக்காலம் கழிந்தபின் தை மாதத்தில் நீர் தேங்கியது. பங்குனி வரை நின்றது. பின்னர் ஓராண்டு வைகாசி வரையும் கசிந்தது. மழை மிகுந்ததாலா, அகழியாலா என்று உறுதியாகச் சொல்ல நாம் நிலவியல் கற்றவரல்லர். இரண்டும் என்று கொள்வோம்.

நீர் வந்தவுடன் கேள்வியும் வந்தது. கரட்டின் அடியிலுள்ள தோப்புக்காரர் ஒருவர், நல்லவரே, குழாய் போட்டு நீரைக் கீழே கொண்டுசெல்லத் தாமே செலவு செய்வதாகச் சொன்னார். வளவில் இரவெல்லாம் பேசினோம். பிறகு ஊராரையும் அழைத்துப் பள்ளி மரத்தடியில் அமர்ந்து விதிகளை எழுதினோம். சுனைக்கு மோட்டார் வைத்தல் கூடாது. குடிநீர் முதலில், ஊர், வளவு என்ற வேறுபாடின்றி ஒரே துறையில் எடுத்தல் வேண்டும். மிஞ்சுவது கால்நடைத் தொட்டிக்கு. மேற்சரிவில் எவரும் துளையிடுதல் கூடாது. இவற்றுள் ஒரே துறை என்னும் விதிக்கே நெடுநேரம் ஆயிற்று. மற்றவற்றை ஒப்புக்கொண்ட சிலர் அதற்கு மட்டும் மௌனமாயினர். அவ்வரியை நீக்கினால் அனைவரும் ஒப்பமிடுவர் என்று நண்பர் ஒருவர் நம் காதோடு சொன்னார். நீக்கவில்லை.

அத்தீர்மானம் நம் சங்கத்தின் குறிப்பேட்டில் உள்ளது. வளவார் அனைவரும், ஊராரில் ஒன்பது பேரும் ஒப்பமிட்டுள்ளனர்; தோப்புக்காரரும் இட்டுள்ளார். மற்றவர்க்காக விட்ட இடம் காலியாக இருக்கின்றது. சென்ற கோடையில் அவர்கள் வீட்டுப் பெண்கள் இருவர் குடத்தோடு அத்துறைக்கு வந்து, நம் பெண்களின் பின்னே வரிசையில் நின்று நீர் எடுத்துச் சென்றனர்.